மேலே காய்ந்த தரை, கீழே மழை

யார்டு கேமரா புரோகிராமில் படத்தை நகல் எடுக்கும் அந்த ஒரு காப்பி வரியை எடுத்துவிட்டால் வேகம் கூடும், மெமரியும் மிச்சமாகும் என்று ஆபீசில் புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் சொன்னதாக எனக்குச் செய்தி வந்தது. சொன்னது யார் என்றும் தெரியும். பெயர் போட மாட்டேன். கணக்கில் தப்பில்லை, வேகம் கூடத்தான் செய்யும். அந்த வரி அங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறது என்று கேட்காமல் எடுக்கப் பார்த்ததில்தான் எனக்குக் கோபம். வேலையை விட்டு வீட்டில் இருப்பவள் எதற்குக் கத்துகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். படித்துவிட்டு நினையுங்கள்.

முதலில் ஒன்று. எதற்கெடுத்தாலும் "லைப்ரரியில பக்" என்று தப்பை அதன் தலையில் போடும் பழக்கத்தை விடுங்கள். நாம் பயன்படுத்தும் படம் சுருக்கும் லைப்ரரி, அதாவது யாரோ எழுதி எல்லோருக்கும் கொடுத்திருக்கும் தயார் புரோகிராம், சி மொழியில் எழுதப்பட்டது. எழுதியவர்களை நமக்குத் தெரியாது. உங்கள் போனில் உள்ள கல்யாணப் படம், ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஸ்கேன் என்று எத்தனையோ அந்த மாதிரி லைப்ரரிகள் வழியாகத்தான் போகின்றன. அது என்ன செய்யும், என்ன செய்யாது, நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று தெளிவாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு நேர்மையாகத் தன் எல்லையைச் சொல்லும் மனிதர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நாம் பைத்தான் மொழியில் உட்கார்ந்துகொண்டு அதைக் கூப்பிடுகிறோம். கூப்பிடும்போது ஒரு வாசலைத் தாண்டுகிறோம். அது நமக்கு உறைப்பதில்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொன்னால் புரியும். தண்ணீர் வரும், கரண்ட் வரும், குப்பையை எடுத்துப் போவார்கள், வாசலில் பஸ் நிற்கும். எல்லாம் யார் செய்கிறார்கள் என்று யோசிக்காமலே பிளஸ் டூ வரை வந்துவிடலாம். பைத்தான் அப்படி ஒரு டவுன்ஷிப். மெமரியை எடுப்பதும் அதுவே, காலி செய்வதும் அதுவே. சி என்பது டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே. அங்கே உன் குப்பையை நீதான் அள்ள வேண்டும். உன் வீட்டை நீதான் பூட்ட வேண்டும். கேட்டுக்கு வெளியே போயும் குவார்ட்டர்ஸில் இருப்பதாக நினைத்து நடந்துகொண்டதுதான் எங்களுக்கு வந்த வினை.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு தனியார் ஒப்பந்தக்காரரின் நிலக்கரி யார்டு. பெயர் வேண்டாம். குவித்து வைத்த பழுப்பு நிலக்கரியை நீளமான பெல்ட்டில் லாரி ஏற்றும் இடத்துக்குக் கொண்டுவருவார்கள். கன்ட்ரோல் அறை ஒரு முனையில். பெல்ட் சுற்றித் திரும்பும் வால் டிரம் மறுமுனையில், கண்ணுக்கு எட்டாத தூரத்தில். பெல்ட்டை ஓட்டுவதற்கு முன்னால் ஒரு ஆள் வாக்கி டாக்கியோடு வால் முனை வரை நடந்து போய், யாரும் இல்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஷிப்ட் இன்சார்ஜ் சாவியைத் திருகுவார். அந்த நடையை மிச்சப்படுத்துவதுதான் எங்கள் வேலை. வால் முனையில் கம்பத்தில் ஒரு கேமரா, அதன் கீழே ஒரு சின்ன கம்ப்யூட்டர். படம் எடுத்து, சுருக்கி, ரேடியோவில் கன்ட்ரோல் அறைக்கு அனுப்பும். நடந்து போகும் ஆளுக்குப் பதில் எங்கள் படம். இந்த வாக்கியத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புரோகிராமின் கோடு முழுக்க எழுதியது என்னோடு வேலை பார்த்த ஒருத்தி. பெயரைப் போட்டால் என்னை அடிக்க வருவாள், அதனால் அவள் என்றே வைத்துக்கொள்கிறேன். நாற்பதை நெருங்கியும் நம் ஆபீசில் காண்ட்ராக்ட்டாகவே இருந்தாள். அப்பா சுரங்கத்தில் ஃபிட்டர், ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் வாடகைக்குப் போனவர்கள். பர்மனென்ட் என்ற வார்த்தைக்கு இந்த ஊரில் என்ன எடை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யார்டு வேலையை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினால் அவளைப் பர்மனென்ட் ஆக்குவதாக எங்கள் ஓனர் வாக்குக் கொடுத்திருந்தார்.

முதலில் அவள் எழுதியது சுருக்கமான, பத்திரமான கோடு. லைப்ரரியைக் கூப்பிடும், அது முடிக்கும் வரை காத்திருக்கும், பிறகு அடுத்த படம் எடுக்கும். லைப்ரரி படத்தை மேலிருந்து கீழாகச் சுருக்கி, சுருங்கினதைத் துண்டு துண்டாக ரேடியோவில் தள்ளும். ரேடியோ திணறினால் லைப்ரரியும் நிற்கும், அதனால் கேமராவும் நிற்கும். யார்டு மேனேஜர் குறைப்பட்டுக்கொண்டார். "என்ன மேடம், ஒங்க கேமரா அப்பப்ப தூங்கிடுது?" என்றார். சரியென்று அவள் சுருக்கும் வேலையைத் தனியாக ஓட விட்டு, கேமராவை அதன் போக்கில் படம் எடுக்க விட்டாள். கேமரா எடுக்கும் படம் எந்த மெமரியில் விழுகிறதோ, அந்த இடத்தின் முகவரியையே லைப்ரரிக்குக் கொடுத்தாள். ஒரு காப்பி கூட எடுக்கவில்லை. அந்தச் சின்ன கம்ப்யூட்டரில் அப்படி ஓடியது பார்க்கவே அழகாக இருந்தது. ஆபீசே பாராட்டியது.

ஒப்படைப்பு நாள் வந்தது. கன்ட்ரோல் அறையில் மேனேஜர், ஷிப்ட் இன்சார்ஜ் பஷீர் பாய், நான், அவள். பாய் குறிஞ்சிப்பாடிக்காரர். அதிகம் பேச மாட்டார், பேசினால் குத்தலாகத்தான் வரும். மத்தியானம் பெல்ட்டில் ஏதோ ரோலர் மாற்றினார்கள். மாற்றினவர்கள் வந்து சுவிட்சிலிருந்து அவரவர் பூட்டை எடுத்தார்கள். இது இங்கே பழைய வழக்கம். பெல்ட்டில் கை வைக்கப் போகிறவர் சுவிட்சில் தன் பூட்டை மாட்டிவிட்டுப் போவார். வந்து தானே எடுப்பார். அடுத்தவர் பூட்டை யாரும் தொட மாட்டார்கள். ஒரு பூட்டு தொங்கினாலும் பெல்ட் ஓடாது.

எல்லாப் பூட்டும் எடுத்தாகிவிட்டது. கீழே லாரிகள் வரிசையில் நின்றன. அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. எங்கள் பக்கமிருந்து வால் முனையை நோக்கி நகர்ந்தது. நனைந்த நிலக்கரி தொட்டியில் சேறு மாதிரி அப்பிக்கொள்ளும். அதனால் மேனேஜருக்கு அவசரம்.

"பாய், மழ வலுக்கறதுக்குள்ள ஒரு லோடாவது ஏத்திடுவோம். சைரன் குடுங்க."

பாய் சைரன் கொடுத்தார். படத்துக்குக் காத்திருந்தோம். ரேடியோ மழையில் திணறியது. பிறகு படம் வந்தது. வால் டிரம்மும் அதைச் சுற்றின தரையும் மேலே தகரக் கூரையும் படத்தின் மேல் பாதியில். ஆள் நடக்கும் பாதையும் முந்தின நாள் மழையில் தேங்கிய ஒரு குட்டையும் கீழ்ப் பாதியில். கீழ் ஓரத்தில் கேமரா போடும் நேரம். யாருமே இல்லை.

"டைமப் பாருங்க, இப்ப எடுத்தது. ஆள் இல்ல. போடுங்க பாய்," என்றார் மேனேஜர்.

பாய் சாவியில் கை வைத்தார்.

"போடாதீங்க," என்றாள் அவள்.

"ஏம்மா?"

"தெரியல. போடாதீங்க."

அவள் ஸ்கிரீனுக்குக் கிட்டே போய் விரலால் காட்டினாள். "கீழ குட்டையில தூத்தல் விழுது பாருங்க, வட்டம் வட்டமா. மேல தர காஞ்சி கெடக்கு. கூரையில ஒரு சொட்டு இல்ல."

மேனேஜர் சிரித்தார். "நெய்வேலி மழையம்மா. ரோட்டுக்கு இந்தாண்ட பெய்யும், அந்தாண்ட பெய்யாது. இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்படிப் பெய்து நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நான் நடுவே புகுந்து, "சரி, அடுத்த படம் வரட்டும், பாத்துட்டு முடிவு பண்ணலாம்," என்றேன். பார்ப்பதற்கு நிதானமான பேச்சு. எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவள் மட்டும் ஆட்டவில்லை. "அடுத்த படமும் இதே வழியாத்தானக்கா வரும்," என்றாள்.

இந்த வாக்கியத்தை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன். எங்கே தப்பு என்று அவளுக்கு அப்போது தெரியாது. கையில் ஆதாரமாக இருந்தது ஒரு குட்டையும் நான்கைந்து வட்டங்களும். ஆனால் ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு கருவி பொய் சொல்கிறதோ என்று சந்தேகம் வந்துவிட்டால், உண்மையா என்று அந்தக் கருவியிடமே கேட்கக் கூடாது. படித்தவர்கள், அனுபவசாலிகள் என்று சொல்லிக்கொள்ளும் எத்தனையோ பேர் இதில் வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். அவள் விழவில்லை.

ஸ்கிரீனின் சுவிட்சை அணைத்துவிட்டாள்.

மேனேஜருக்கு முகம் மாறியது. "என்ன மேடம் வெளையாட்டு? இன்னைக்கு ஒப்படைக்கிற நாளு. ஒங்க சிஸ்டத்த நீங்களே நம்பலன்னா நான் எப்பிடிக் கையெழுத்துப் போடுவேன்?"

"போடாதீங்க சார். நான் எழுதுனது, நான் சொல்றேன். இந்தப் படத்த வச்சி பெல்ட்ட ஓட்டக்கூடாது."

அந்தக் கையெழுத்தில் என்ன தொங்குகிறது என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

பாய் எங்கள் மூவரையும் பார்த்தார். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூலையில் இருந்த குடையை எடுத்தார்.

"நீங்க சண்டையப் போட்டுகினு இருங்க. நான் போயி பாத்துட்டு வந்துடறேன். சாவி எங்கிட்ட இருக்குது, அவசரப்பட்டு யாரும் தேட வாணாம்."

மழையில் நடந்து போனார். மேனேஜர் போனை எடுத்து எங்கள் ஓனரைப் பிடித்துக் கத்த ஆரம்பித்தார். அவர் பாதிக் கத்தலில் இருக்கும்போது வாக்கி டாக்கி கரகரத்தது.

"இங்க ஒரு ஆளு குந்திகினு இருக்காரு. டிரம்முக்கு ஒட்டுனாப்ல. யூரியாச் சாக்கப் போத்திகினு."

மேனேஜர் போனைக் காதிலிருந்து எடுத்தார். மறுமுனையில் ஓனர் "ஹலோ ஹலோ" என்பது எங்களுக்கே கேட்டது. அந்த டிரம் சுற்றினால் ஒட்டி உட்கார்ந்திருப்பவருக்கு என்ன ஆகும் என்று அந்த அறையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அவர் பெயர் செல்வராசு. சேத்தியாத்தோப்பிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி. பெல்ட்டில் கை வைக்கும் வேலை இல்லை, சுற்றிச் சிந்திக் கிடக்கும் கரியைக் கூட்டும் வேலை. அதனால் அவருக்குப் பூட்டும் இல்லை. மழை பிடித்ததும் கூரைக்கடியில் ஒதுங்கிவிட்டார். தகரத்தில் மழை அடிக்கும் சத்தத்தில் சைரன் காதில் விழவில்லை. பாய் குடைக்குள் அவரை அழைத்து வந்தபோது செம எரிச்சலில் இருந்தார்.

"மழைக்கி ஒதுங்கிக்கினு இருந்தது ஒரு குத்தமாங்க? என்னாத்துக்கு இம்மாம் ஆர்ப்பாட்டம்?"

"படத்துல நீ இல்லியேப்பா," என்றார் பாய்.

"இல்லியா? அங்கதான் குந்திகினு இருந்தேன். ஏங்க மேனேஜர் சார், படத்துல ஆள் இல்லன்னு இன்னிக்கி கூலிய வெட்டிடாதீங்க!"

பாய் சிரித்தார். வேறு யாராலும் முடியவில்லை. அவள் மட்டும் ஒரு நாற்காலியை இழுத்து, "ஒக்காருங்கண்ணா, டீ குடிங்க," என்றாள். அவர் குடித்து முடிக்கும் வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மேனேஜர் கேட்டார். "இப்ப இது யார் பண்ண தப்பு?"

"என் பக்கம்தான் சார். எங்கன்னு இன்னும் தெரியல. கண்டுபுடிச்சிச் சொல்றேன்."

அன்று சாயங்காலம் எங்கள் ஓனர் போனில் சொன்ன யோசனை என்ன தெரியுமா? "லைப்ரரியில பக்குன்னு சொல்லிடு. நம்ம கையில இல்லன்னு சொல்லிடு. யாரு போயி செக் பண்ணப் போறாங்க?" அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "சார், அது என்ன செய்யறேன்னு சொல்லுச்சோ அதத்தான் செஞ்சிருக்கும். நாமதான் என்னமோ பண்ணியிருக்கோம்," என்றாள். முகம் தெரியாத யாரோ எழுதின லைப்ரரியின் மானத்தைத் தன் வேலையைப் பணயம் வைத்துக் காப்பாற்றினாள். அதற்குப் பெயர்தான் தொழில் மரியாதை.

மறுநாள் ஆபீசில் அவள் கண்டுபிடித்த விதத்தைக் கேளுங்கள். இதுவரை ஆபீசில் சோதனை செய்தபோதெல்லாம் ரேடியோ இல்லை, கேபிள்தான். கேபிள் திணறாது. "மழைய உள்ள கொண்டாரணும்க்கா," என்றாள். மழையைக் கொண்டுவரவா முடியும்? ஒரு படம் போய்க்கொண்டிருக்கும்போதே பாதியில் கேபிளைப் பிடுங்கினாள். என்னைக் கூப்பிட்டுக் கேமரா முன்னால் போய் நிற்கச் சொன்னாள். நின்றேன். கேபிளை மறுபடி சொருகினாள். படம் வந்தது.

மேல் பாதியில் வெறும் சுவரும் ஒரு காலண்டரும். கீழ்ப் பாதியில் புடவைக் கொசுவமும் இரண்டு கால்களும். இடுப்புக்கு மேல் நான் இல்லை.

ஆபீசே கூடி நின்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அந்தக் கால்களைப் பார்த்து, "இதான்," என்றாள்.

விஷயம் இதுதான். லைப்ரரிக்கு நாம் படத்தைக் கொடுக்கவில்லை, படம் இருக்கும் முகவரியைக் கொடுத்தோம். நான் முடிக்கும் வரை இந்த இடத்தைத் தொடாதே என்று அது எழுதியே வைத்திருக்கிறது. அது மேல் பாதியைச் சுருக்கிவிட்டு, ரேடியோ திணறியதால் நின்றது. நாமோ தனியாக ஓடிக்கொண்டிருந்த கேமராவைக் கொண்டு அதே இடத்தில் புதுப் படத்தைக் கொட்டினோம். ரேடியோ தெளிந்ததும் அது விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. வீட்டுச் சாமானைக் கணக்கெடுக்க வந்தவர் பாதி அறையை எண்ணி முடித்து, மிச்சத்தை எண்ணுவதற்குள் நாம் எல்லாவற்றையும் மாற்றி வைத்தால் அவர் என்ன செய்வார்? மேலே மழைக்கு முந்தின தரை. கீழே மழை. நேரம் கீழே அச்சாவதால் அதுவும் புதுசு. பழைய பொய்க்குப் புது முத்திரை.

பைத்தான் உங்களைக் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். காப்பாற்றியது. அந்த மெமரி காணாமல் போகாமல் பார்த்துக்கொண்டது. கேட்டுக்கு உள்ளே அதன் வேலை அவ்வளவுதான். வெளியே ஒருவர் அதைப் பாதி படித்துக்கொண்டிருக்கிறார் என்று அதற்கு எப்படித் தெரியும்? நாம்தான் பூட்டு மாட்டியிருக்க வேண்டும்.

இதை நான் சொல்லவில்லை, அவள் சொன்னாள். அவள் அப்பா பூட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருப்பாராம். ஷிப்ட் முடிந்து குளிக்கும்போதும் அவிழ்க்க மாட்டாராம். "அந்த வூட்லதான் வளந்தேன், என் கோட்ல ஒரு பூட்டு இல்ல," என்றாள். அழுகை இல்லை, புலம்பல் இல்லை. உட்கார்ந்து அந்த வரியை எழுதினாள். கேமராப் படத்தைக் காப்பி எடுத்து, லைப்ரரிக்கு அந்தக் காப்பியைக் கொடுக்கும் வரி. அது முடித்தேன் என்று சொல்லும் வரை அந்தக் காப்பியை யாரும் தொட முடியாது.

திருத்தின பிறகும் அவள் ஒன்று செய்தாள். படம் காட்டட்டும், ஆனால் நடந்து போகும் ஆளை நிறுத்தாதீர்கள் என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். எங்கள் சரக்கின் பெருமையே அந்த நடையை மிச்சப்படுத்துவதுதான். அதை அவளே கெடுத்தாள். மேனேஜர் விழித்தார். பாய்தான், "அந்தம்மா சொல்றது சரி. படமும் இருக்கட்டும், ஆளும் போவட்டும். நடந்தா ஒடம்புக்கும் நல்லது," என்று முடித்து வைத்தார். கையெழுத்தும் பிறகு கிடைத்தது.

பர்மனென்ட் கிடைக்கவில்லை. தன் சரக்கைத் தானே குறை சொல்லும் ஆள் வேண்டாம் என்று ஓனர் தள்ளிப் போட்டார். அன்றைக்கு நான் அவர் அறையில் கத்தின கத்து மெயின் பஜார் வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு பலனும் இல்லை. அடுத்த ஒப்பந்தத்துக்கு அதே மேனேஜர் வந்து, "அன்னைக்கு ஸ்கிரீன அணச்சாங்களே, அவங்க எழுதறதா இருந்தா மட்டும் பேசலாம்," என்று சொன்ன பிறகுதான் ஓனருக்குப் புத்தி வந்து அவளைப் பர்மனென்ட் ஆக்கினார். நல்லவர்களுக்குக் கடைசியில் நல்லது நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. நடக்காமலே போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தாலும் அன்று அவள் செய்ததுதான் சரி.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். எடுக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். காப்பி இல்லாமலே பத்திரமாகச் செய்ய வழி இருக்கலாம். உங்களில் யாருக்காவது அது தெரிந்தால் எனக்குச் சந்தோஷம். ஆனால் பாதியில் கேபிளைப் பிடுங்கி, கேமரா முன்னால் நீங்களே போய் நின்று, வந்த படத்தை அவளிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவள் சரி என்றால் எடுங்கள்.

ஆபீஸ் வாசலில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். போனில் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிறீர்களாம். புடவைக் கொசுவம், இரண்டு கால், மேலே காலண்டர், வெறும் சுவர். ஒட்டியது அவள். கால்கள் என்னுடையவை.

அடுத்த முறை அதைத் தாண்டிப் போகும்போது மேல் பாதியைப் பாருங்கள். அங்கே யாருமே இல்லை என்று படம் சொல்லும்.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.